சுண்டுவிரல் மரத்துப்போனால் ஹேண்டில் பாரை மாற்றலாமா?

கேள்வி: நான் தஞ்சாவூரில் இருக்கிறேன். துவாக்குடியில் வேலை. 2023-ல் வாங்கிய ராயல் என்ஃபீல்ட் ஹண்டர் 350 பைக்கில் தினமும் போக வர 80 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். வயது 38, உயரம் 6 அடி, எடை 70 கிலோ. செங்கிப்பட்டி தாண்டுவதற்குள் வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிடுகின்றன. வீடு திரும்பும்போது தோள்பட்டையும் பிடரியும் கல்லாக இறுகியிருக்கின்றன. உயரமான பெரிய ஹேண்டில் பார் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். உதிரிபாகக் கடைக்காரர் ஒரு மணி நேரத்தில் மாட்டித் தருகிறேன், வயர் எதையும் மாற்ற வேண்டாம் என்கிறார். செய்யலாமா? எந்த பார் வாங்குவது? போலீஸ், இன்ஷூரன்ஸ் பிரச்சினை வருமா?

பதில்:

மாற்றலாம் தம்பி. உங்கள் உயரத்துக்கு மாற்ற வேண்டியும் வரலாம். ஆனால் கடையில் தொங்குகிற பாரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் கை இயல்பாக எங்கே வந்து நிற்கிறதோ, அந்த இடத்துக்கு கிரிப்பைக் கொண்டுவருகிற பார்தான் உங்களுக்கான பார். அதைப் பார்க்காமல் வாங்கி மாட்டி, செலவும் செய்து, வலியும் போகாமல் என் பட்டறைக்கு வந்தவர்கள் பலர். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எந்த விரல் மரத்துப்போகிறது என்று நீங்கள் குறிப்பிட்டது பெரிய உதவி. என்னிடம் வண்டி விடுகிற ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த விஷயம் இது. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் போகிற நரம்பு, உள்ளங்கையின் வெளிப்பக்க மேட்டுக்கு அடியில் ஓடுகிறது. உடம்பின் பாரம் அந்த மேட்டில் விழுந்தால் அந்த இரண்டு விரலும் மரக்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் அது மணிக்கட்டின் நடுவே போகிற வேறு நரம்பு. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஹேண்டில் பார் இரண்டு கைக்கும் பொது. அது தாழ்வாக இருப்பது மட்டும்தான் காரணம் என்றால் இடது கையும் மரக்க வேண்டும். உங்களுக்கு வலது கை மட்டும் மரக்கிறது. வலது கை செய்கிற வேலை ஆக்ஸிலேட்டர் முறுக்குவதும் முன் பிரேக் பிடிப்பதும். இடது கையை நடுவில் எடுத்து உதறிக்கொள்ளலாம், வலது கைக்கு அந்த ஓய்வு கிடையாது. ஆகவே விரல் மரப்பதை ஒரு பிரச்சினையாகவும், தோள்பட்டை இறுகுவதை இன்னொரு பிரச்சினையாகவும் பிரித்துப் பாருங்கள். முதலாவது பார் மாற்றாமலேயே தீர வாய்ப்பு அதிகம். இரண்டாவதுக்குத்தான் பார் தேவைப்படலாம்.

முதலில் ஆக்ஸிலேட்டர். இன்ஜினை அணைத்துவிட்டு கிரிப்பை முழுக்க முறுக்கி விடுங்கள். 'டக்' என்று தானாகத் திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் வயர் காய்ந்திருக்கிறது, அல்லது போகும் வழியில் எங்கோ மடங்கி உரசுகிறது. முறுக்கக் கடினமாக இருக்கும் கிரிப்பை உங்களுக்குத் தெரியாமலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு 40 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள்.

அடுத்தது லீவர் கோணம். இதற்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் முக்கால்வாசிப் பேர் இதைத் தொடுவதே இல்லை. ஷோரூமில் எல்லா உயரத்துக்கும் பொதுவாக ஒரு கோணத்தில் வைத்துத் தருவார்கள். ஒருவரை முன் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வண்டியை நேராக நிறுத்தி, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்காருங்கள். கிரிப்பில் கை வைத்து, விரல்களை நீட்டிப் பாருங்கள். முழங்கையில் இருந்து விரல் நுனி வரை ஒரே கோடாக வந்து, விரல்கள் லீவரின் மேல் தானாக உட்கார வேண்டும். விரலை லீவரின் மேல் வைக்க மணிக்கட்டைத் தூக்க வேண்டியிருந்தால் லீவர் மேலே இருக்கிறது என்று அர்த்தம். ஆறடி ஆளுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், ஏனென்றால் உங்கள் கை மேலிருந்து கீழே இறங்கி வருகிறது. லீவரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, லீவரைக் கொஞ்சம் கீழே இறக்கி மறுபடி முறுக்குங்கள். பிரேக் பக்கம் செய்யும்போது ஆயில் டப்பா ரொம்பச் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பாரையே அதன் கிளாம்ப்பில் லேசாகச் சுழற்றிப் பார்க்கலாம். நடுவில் நான்கு போல்ட் இருக்கும். அவற்றைத் தளர்த்தி, பாரை உங்கள் பக்கம் ஒரு நூல் சுழற்றினாலே கிரிப்பு முனை மாறுவது தெரியும். பழைய இடத்தை பெயின்ட் பேனாவால் குறித்துவிட்டுச் செய்யுங்கள். நிறையப் பேருக்கு இத்தோடு வேலை முடிந்துவிடுகிறது.

பின் சஸ்பென்ஷனையும் பாருங்கள். இதற்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். 2023 ஹண்டரின் பின்பக்கம் கொஞ்சம் கடினமானது. 2025-ல் வந்த மாடலில் அந்த ஸ்பிரிங்கையே மாற்றிவிட்டார்கள். பின்னால் ஒவ்வொரு குழியும் உங்களைத் தூக்கி முன்னால் தள்ள, அந்த பாரத்தை உள்ளங்கைதான் வாங்குகிறது. அந்த ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் இறுக்கத்துக்கு ஆறு படிநிலை உண்டு. 70 கிலோ ஆள், தனியாகப் போகிறவர், அது கடினமான பக்கம் இருந்தால் குறைத்து வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். டேங்க்கை முழங்காலால் லேசாகப் பிடித்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள், கைமேல் இருக்கும் பாரம் உடனே குறைவதை உணர்வீர்கள்.

இதையெல்லாம் செய்து இரண்டு வாரம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் தோள்பட்டை இறுகினால், சரி, பாருக்கு வருவோம்.

ஹண்டர் கச்சிதமான வண்டி. சீட் உயரம் சுமார் 800 மில்லிமீட்டர், இரண்டு சக்கர மையங்களுக்கும் நடுவிலான தூரம் (வீல்பேஸ்) 1,370. ஃபுட்ரெஸ்ட் கொஞ்சம் பின்தள்ளி இருப்பதால் உடம்பு லேசாக முன்னால் சாய்கிறது. ஐந்தரை அடி ஆளுக்கு அது அழகாகப் பொருந்தும். ஆறடி ஆளுக்கு முதுகு வளைந்து, கழுத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டி வருகிறது. பிடரி இறுகுவது அதனால்தான். ஆகவே உங்கள் நண்பர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அளவில்தான் தவறு.

அளவை எப்படி எடுப்பது? சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடி, இரண்டு கையையும் கிரிப்பில் இருந்து எடுத்துத் தொடையில் வையுங்கள். இரண்டு மூச்சு விட்டு, தோள்களைத் தொங்கவிடுங்கள். இப்போது கண்ணைத் திறக்காமல், முழங்கை லேசாக மடங்கியிருக்க, வண்டி ஓட்டுவதுபோல் கையை நீட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் அந்த இடத்தில் டேப் பிடித்து, உங்கள் முஷ்டிக்கும் கிரிப்புக்கும் எத்தனை அங்குலம் உயரம், எத்தனை அங்குலம் முன்பின் என்று குறிக்க வேண்டும். மூன்று முறை செய்யுங்கள். என் பட்டறையில் அளந்தவர்களில் அநேகம் பேருக்கு உயரம் ஒன்றிலிருந்து இரண்டு அங்குலம், பின்பக்கம் ஒரு அங்குலம், இவ்வளவுதான் வரும். எட்டு அங்குலம், பத்து அங்குலம் உயர்ந்த பார் யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

அவ்வளவு உயரமான பாரை நெடுஞ்சாலையில் ஓட்டிப் பாருங்கள், புரியும். நெஞ்சு முழுக்கக் காற்று மோதும். காற்று பின்னால் தள்ளத் தள்ள, பாரைப் பிடித்துத் தொங்க வேண்டி வரும். 80-க்கு மேல் போனால் அரை மணி நேரத்தில் புஜம் கழன்றுவிடும். இன்னொரு விஷயம், நிமிர்ந்து உட்கார்ந்தால் உடம்பின் பாரம் முழுக்க இடுப்பு எலும்பில் இறங்குகிறது. நம் ஊரில் ஊருக்கு ஊர் வேகத்தடை. ஒவ்வொன்றும் நேராகத் தண்டுவடத்தில் போய் முட்டும். லேசான முன்சாய்வு முதுகுக்கு நல்லது, அதை முழுக்க அழித்துவிடாதீர்கள்.

உங்கள் அளவு ஒன்று, ஒன்றேகால் அங்குலத்துக்குள் வந்தால் பாரை மாற்றவே வேண்டாம். ரைஸர் போதும். பாருக்கும் கிளாம்ப்புக்கும் அடியில் வைக்கிற கட்டை அது. 30 மில்லிமீட்டர் ரைஸர் வைத்தால் பார் 30 மில்லிமீட்டர் நேராக மேலே போகாது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பின்பக்கம் சாய்ந்திருக்கிறது அல்லவா, ரைஸரும் அந்தச் சாய்விலேயே ஏறும். சாய்வு 25 டிகிரி என்றால், கிரிப்பு சுமார் 27 மில்லிமீட்டர் உயர்ந்து, 13 மில்லிமீட்டர் உங்கள் பக்கமும் வரும். உங்களுக்குத் தேவையானதும் கிட்டத்தட்ட அதுதான். ஒரே துண்டாகக் கடைந்த அலுமினிய ரைஸராக வாங்குங்கள். நீளமான போல்ட் அதனுடனேயே வர வேண்டும். பழைய போல்ட் நான்கு மரைதான் பிடிக்கிறது என்றால் அதை நம்பி வண்டி எடுக்கக் கூடாது.

அதற்கு மேல் தேவைப்பட்டால் பார். வாங்கும்போது வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு போங்கள். கிரிப்பு மாட்டும் இடம் பெரும்பாலான வண்டிகளில் 22 மில்லிமீட்டர். நடுவில் கிளாம்ப் பிடிக்கும் இடம் சில பார்களில் அதே 22, தடித்த அலுமினிய பார்களில் 28.6, சில பெரிய க்ரூஸர்களில் 25.4. உங்கள் வண்டியில் இருக்கும் பழைய பாரையும் புதியதையும் இரண்டு இடத்திலும் அளந்து, ஒன்றாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். அளவு சின்னதாக இருந்தால் டின் தகட்டை வெட்டிச் சுற்றி இறுக்கிக் கொடுக்கிற பழக்கம் இருக்கிறது. அதை ஒருபோதும் ஏற்காதீர்கள். பள்ளத்தில் இறங்கும்போது உங்கள் முழு எடையும் விழுகிற இடம் அது. தகடு நசுங்கியதும் பார் அப்படியே முன்னால் சுழலும். நல்ல ஸ்டீல் பாரில் கிளாம்ப் உட்காரும் இடம் சொரசொரப்பாக வெட்டப்பட்டிருக்கும், விரலால் தடவினாலே தெரியும். வளைத்து நிமிர்த்திய பழைய பார், வெல்டிங் வைத்த பார் இரண்டும் வேண்டாம்.

இனி, வயர் மாற்ற வேண்டாம் என்ற பேச்சுக்கு வருகிறேன். கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஒரு அங்குலத்துக்கு அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வயர் போதுமா என்று வண்டியை நேராக வைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது.

இருபது வருடத்துக்கு முன்னால் நான் செய்த தவறு ஒன்று. கல்லூரிப் பையன் ஒருவன் அவசரமாக பார் மாற்றச் சொன்னான். மாட்டினேன். கிளட்ச், பிரேக், ஹாரன் எல்லாம் பார்த்தேன். தெருவில் நேராக ஓட்டியும் பார்த்தேன். இடது பக்கம் முழுக்கத் திருப்பிப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் அவன் ஒரு சந்தில் வண்டியை இடது பக்கம் ஒடித்துத் திருப்பியிருக்கிறான். ஆக்ஸிலேட்டர் வயர் நீளம் பற்றாமல் இழுபட்டு, அவன் முறுக்காமலேயே இன்ஜின் சீறிக் கிளம்பி, வண்டி சுவரில் மோதியது. மணிக்கட்டு எலும்பு முறிவு. மாவுக்கட்டோடு அவன் பட்டறை வாசலில் வந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அதற்குப் பிறகு இந்தச் சோதனை செய்யாமல் ஒரு வண்டியையும் நான் வெளியே விட்டதில்லை.

சோதனை இதுதான். முன் சக்கரம் சுலபமாகத் திரும்பும்படி வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓட விடுங்கள். ஹேண்டிலை மெதுவாக இடது கோடிக்கும், பிறகு வலது கோடிக்கும் திருப்புங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். இன்ஜின் சத்தம் ஒரு இழையளவு ஏறினாலும் ஆக்ஸிலேட்டர் வயர் பற்றவில்லை. கோடியில் வைத்து கிளட்ச் லீவரின் ஃப்ரீ ப்ளே, அதாவது வயர் இழுபடும் முன் லீவர் தளர்வாக ஆடும் அளவு, இருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். ஒன்றும் இல்லாமல் விறைப்பாக இருந்தால் வயர் இழுபடுகிறது, கிளட்ச் தேயும். பிரேக் ஆயில் போகிற குழாயான ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், வீணைத் தந்தி போல் விறைத்திருக்கக் கூடாது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் போகிற மின்சார வயர்களின் கொத்தையும் பாருங்கள். இழுபட்டிருந்தாலும் அது இன்று அறுந்துவிடாது. ஆறு மாதம் கழித்து மழை நாளில் செல்ஃப் எடுக்காது, ஹாரன் அடிக்காது, காரணமும் பிடிபடாது. கடைசியாக, கோடியில் உங்கள் கட்டைவிரல் டேங்க்குக்கும் கிரிப்புக்கும் நடுவில் மாட்டுகிறதா என்று பாருங்கள்.

கடைக்காரரிடம் இந்தச் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். நீளமான வயர் போட வேண்டும் என்று அவரே சொன்னால் அவர் நல்ல மெக்கானிக். ஹோஸ் மாற்ற வேண்டி வந்தால் மட்டும் கம்பெனி சர்வீஸுக்குப் போங்கள். உங்கள் வண்டியில் ஏ.பி.எஸ். இருக்கிறது. ஹோஸைக் கழற்றினால் காற்று நுழையும். அது ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் போய்விட்டால் சில சமயம் கம்ப்யூட்டர் கருவி வைத்துத்தான் வெளியேற்ற முடியும். ஹோஸ் முனையில் இருக்கும் செம்பு வாஷரையும் புதிதாகவே போட வேண்டும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் அவசரத்தில் இதைத்தான் கெடுப்பார்கள். ஸ்விட்ச் பெட்டியைப் பிளந்தால் உள்ளே சின்னதாக ஒரு பிளாஸ்டிக் முளை இருக்கும். பழைய பாரில் அதற்கு ஒரு துளை உண்டு. பெட்டி சுழலாமல் பிடித்துக்கொள்வது அந்த முளைதான். புதிய பாரில் துளை இருக்காது. சட்டென்று கட்டிங் பிளேயரால் முளையை நறுக்கிவிட்டு மாட்டிவிடுவார்கள். அப்புறம் ஆக்ஸிலேட்டர் முறுக்கும்போது பெட்டியும் சேர்ந்து சுழலும். முளையை நறுக்க விடாதீர்கள். லீவர் கோணத்தை முதலில் உங்கள் கைக்குச் சரியாக வைத்து, பெட்டி எங்கே உட்கார வேண்டும் என்று குறித்து, அங்கே பாரில் துளை போடச் சொல்லுங்கள். துளை போட்ட பிசிறை அரத்தால் தேய்க்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே போகும் வயரை அது அறுக்கும். வலது கிரிப்பு மாட்டிய பிறகு, பார் முனையில் இருக்கும் எடைக்கும் கிரிப்புக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி வேண்டும். உரசினால் ஆக்ஸிலேட்டர் திரும்பாது. அந்த முனை எடையைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். அதிர்வைத் தணிக்கத்தான் அது இருக்கிறது, உங்கள் விரலுக்கு அது அவசியம்.

போலீஸ், இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்டீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களில் இருந்து ஆர்.சி. புத்தக விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகவே சொன்னது. ஹேண்டில் பார் அளவு ஆர்.சி.யில் பதிவாவதில்லை. ஆனாலும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று உங்களுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. கண்ணை உறுத்தும் உயரத்தில் பார் வைத்தால் நிறுத்துவார்கள். ஒரு அங்குல ரைஸருக்காக என் வாடிக்கையாளர் யாரையும் இதுவரை நிறுத்தியதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு என்ன மாற்றினீர்கள் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள். வண்டி வாரன்டியில் இருந்தால் சர்வீஸ் சென்டரிலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பழைய பாரைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், வீட்டில் இருக்கட்டும்.

விரல் மரப்பது வண்டி ஓட்டாத ஞாயிற்றுக்கிழமையிலும் வந்தால், அல்லது சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறினால், பாருக்குச் செலவு செய்வதைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

புதிய பார் மாட்டியதும் நேராக வேலைக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வண்டி திரும்புகிற விதமே மாறியிருக்கும். அகலமான பார் லேசாகத் தள்ளினாலே திரும்பும். ஒரு ஞாயிறு காலை ஏதாவது காலி மைதானத்தில் பத்து முறை எட்டுப் போட்டுப் பழகுங்கள். சடன் பிரேக்கும் நாலைந்து முறை பிடித்துப் பாருங்கள். அப்புறம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வல்லம் வரை மெதுவாகப் போய் வாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் கிளாம்ப் போல்ட் நான்கையும் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் கருவி) வைத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மேனுவலில் என்ன அளவோ அதே அளவு, அதற்கு மேல் வேண்டாம். டேப் வைத்து எடுத்த அளவை எனக்கு எழுதி அனுப்பினால், ரைஸரா பாரா என்று பார்த்துச் சொல்கிறேன்.